பழைய காரின் ஹெட்லைட் மங்கினால் எங்கே தேடுவது?

ஹெட்லைட் மங்கினால் எல்லோருடைய கையும் முதலில் பல்பைத்தான் தேடிப் போகிறது. என் கையும் அப்படித்தான் போனது. இடப்பக்க விளக்கு மட்டும் மஞ்சள் பூத்துச் சோர்ந்து எரிந்துகொண்டிருந்த ஒரு பழைய கார் அது. பல்பை மாற்றினேன். ஹோல்டரை மாற்றினேன். ஸ்விட்சையும் மாற்றினேன். வெளிச்சம் கூடவேயில்லை. கடைசியில், ரேடியேட்டரை ஒட்டிய தகட்டில் எர்த் வயரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். வயர் முனையிலிருந்த வளையத்தின் அடியிலிருந்து மூக்குப்பொடி போலத் துரு உதிர்ந்தது. ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. நடுவில் துருவும் பழைய பெயின்ட்டும் உட்கார்ந்திருந்தன. அந்த இடத்தை உப்புத்தாளால் வெள்ளி போல மின்னும்வரை தேய்த்து மீண்டும் முடுக்கினேன். இரண்டு விளக்குகளும் ஒரே நிறத்தில், ஒரே பலத்தில் எரிந்தன.

புதிதாக இந்த வேலையில் இறங்கும் நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். அளக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

மின்சாரம் போகும் வழி, திரும்பும் வழி

பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச், கிடையாது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் டேஷ்போர்டிலுள்ள விளக்கு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து டிம்-பிரைட் ஸ்விட்சுக்குப் போய், மீண்டும் முன்பக்கம் வந்து பல்பைச் சேர்கிறது. நடுவில் ஃபியூஸ் பெட்டி, நாலைந்து கனெக்டர்கள். பல்பை எரித்த பிறகு எர்த் வயர் வழியாகக் காரின் உடலுக்குள் இறங்கி, அதன் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது.

வயலுக்கு மடையைத் திறந்தால் மட்டும் போதாது, வடிகாலும் அடைபடாமல் இருக்க வேண்டும். விளக்குக்கும் அதேதான். வரும் வழியைத் தேடுகிறவர்கள் அதிகம், திரும்பும் வழியைத் தேடுகிறவர்கள் குறைவு. பழைய காரில் பழுது ஒளிந்திருப்பது பெரும்பாலும் திரும்பும் வழியில்.

ஒரு சிறு கணக்கு. 1971-இல் அறிமுகமான எச்-4 வகை ஹாலஜன் பல்பில் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்ப். இரண்டு பக்கமும் சேர்த்து 10 ஆம்ப். அந்த 10 ஆம்ப் கடக்கும் ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டால், அங்கேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் காணாமல் போகும். காணாமல் போன அந்த ஒரு வோல்ட் சுமார் 10 வாட் சூடாக மாறி, அந்த இணைப்பையே சுடும். பழைய ஸ்விட்சுகளின் பிளாஸ்டிக் பழுத்து உருகுவது இதனால்தான்.

வெளிச்சத்தின் இழப்பு இதைவிடப் பெரியது. ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ‘கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை’ என்று விட்டுவிடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். குறுக்கே வரும் மனிதர் கண்ணில் படுவதும் படாததும் அந்த 30 சதவீதத்தில் அடங்கியிருக்கலாம்.

தொடங்கும் முன்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதோடு, நடுவில் 15 ஆம்ப் ஃபியூஸ் வைத்த ஒரு நீள ஜம்ப்பர் வயர், உப்புத்தாள், சிறிய கம்பித் தூரிகை, வயர் முனையில் லக் (இணைப்புக்கான உலோக முனை) அழுத்தும் குறடு ஆகியவை வேண்டும். காரின் வயரிங் வரைபடம் எப்பாடுபட்டாவது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வயரின் நிறத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு நிற வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடிருப்பது. ஜெர்மானியக் கார்களில் அதே பழுப்புதான் எர்த். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் குறட்டை வைத்தால் தீப்பொறி பறக்கும். இதற்கு மேல், முப்பது நாற்பது ஆண்டுகளில் யார் யாரோ கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டிருப்பார்கள்.

வயரை வெட்டும்போதும் கழற்றும்போதும் பேட்டரியின் எர்த் முனை விலகியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது நெகட்டிவ். ஆனால் 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் நெகட்டிவ் எர்த் காருக்கு. மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது 10 ஆம்ப் துளையில் இருக்கும்போது பேட்டரி முனைகளைத் தொட்டால் நேரடி ஷார்ட். எரிந்து அணைந்த ஹாலஜன் பல்பு ஆறச் சில நிமிடங்கள் ஆகும். அதன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, பல்பின் ஆயுளைக் குறைக்கும்.

விளக்கு என்ன சொல்கிறது

கருவியை எடுப்பதற்கு முன், இருட்டில் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, டிம்மையும் பிரைட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் மங்கலா, இரண்டுமா? இந்த ஒரு கேள்வி தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், பழுது அந்தப் பக்கத்து ஹோல்டர், எர்த், கடைசி முழ வயர் ஆகியவற்றில் இருக்கும். பக்கத்துக்கு ஒரு ஃபியூஸ் உள்ள காராக இருந்தால் அந்த ஃபியூஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல மங்கினால் ஸ்விட்ச், பொதுவான வயர், பேட்டரி, சார்ஜிங் என்று பின்னோக்கிப் போக வேண்டும். டிம்மில் இரண்டும் எரியாமல் பிரைட்டில் மட்டும் எரிந்தால் டிம்-பிரைட் ஸ்விட்சின் மேல்தான் முதல் சந்தேகம். எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது வெளிச்சம் நன்றாகக் கூடினால் சார்ஜிங்கையும் பாருங்கள். டைனமோ வைத்த கார்களில் இது ஓரளவு இயல்பு.

இன்னோர் அடையாளம் உண்டு. அதை ஒருமுறை புரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது. டிம் போட்டிருக்கிறீர்கள், ஆனால் டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கு லேசாக எரிகிறது. கூடவே ஒரு பக்க ஹெட்லைட் செத்த வெளிச்சம் காட்டுகிறது. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று தோன்றும். ஸ்விட்ச் கெடவில்லை. எச்-4 பல்பில் டிம் இழைக்கும் பிரைட் இழைக்கும் எர்த் முனை ஒன்றே. அந்த எர்த் அறுந்துவிட்டால், டிம் இழை வழியாக வந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல் பக்கத்திலுள்ள பிரைட் இழைக்குள் பின்பக்கமாக நுழைகிறது. பிரைட் வயர் வழியே பின்னோக்கி ஓடி, நீல விளக்கின் வழியாகவும் மறுபக்க ஹெட்லைட்டின் பிரைட் இழை வழியாகவும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. அதனால்தான் நீல விளக்கு கண் சிமிட்டுகிறது. இதைப் பார்த்ததும் நேராக அந்தப் பக்கத்து எர்த்துக்குப் போங்கள்.

எரியவிட்டு அளப்பது

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 12.5 வோல்ட் காட்டும். ‘வயரிங் சரியாக இருக்கிறது, பல்புதான் கோளாறு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமில்லை என்கிற அளவுக்குக் குறைவு. வயரில் இருபது இழைகள் அறுந்து ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும். பல்புக்குப் போதாது. 5 ஆம்ப் ஓடும்போதுதான் பழுது வெளியே தெரியும். ஆகவே பல்பு இடத்தில் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையை நுழைத்து அளக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு நான்கு அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்.

1. பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே. ஓய்வில் முழுச் சார்ஜுள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். விளக்கு எரியும்போது சற்று இறங்கும். வேகமாக 12-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

2. பல்பின் உயிருள்ள முனைக்கும் அதன் எர்த் முனைக்கும் இடையே. பல்புக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான்.

3. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பல்பின் உயிருள்ள முனைக்கும் இடையே. வரும் வழியில் தொலைவது இது.

4. பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே. திரும்பும் வழியில் தொலைவது.

இரண்டும் மூன்றும் நான்கும் சேர்ந்தால் முதல் அளவு வரவேண்டும். உதாரணமாக, பேட்டரியில் 12.4, பல்பில் 10.1, வரும் வழியில் 0.9, திரும்பும் வழியில் 1.4. கூட்டிப் பாருங்கள், 12.4. கணக்கு தீர்ந்தது, பழுது இருக்கும் பக்கமும் தெரிந்தது. வரும் வழியில் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் நான் விடமாட்டேன்.

பிறகு ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு முனையைப் பல்பிலிருந்து பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ, பழுது அந்த இணைப்பில். நீண்ட வயர் தேவைப்படும், பொறுமையும் தேவைப்படும். விளக்கை நெடுநேரம் எரியவிட்டால் பேட்டரி இறங்கும்; அளவு எடுத்ததும் அணைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில பழைய ஜப்பானியக் கார்களில் பல்புக்குப் பொதுவாக வருவது பாசிட்டிவ்; ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அளவுகள் தலைகீழாக வந்தால் குழம்ப வேண்டாம், காரின் அமைப்பே அப்படி.

எர்த்தைச் சரிசெய்தல்

நான்காவது அளவு அதிகமாக வந்தால், சோதிப்பதும் எளிது. ஜம்ப்பர் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை எரியும் விளக்கின் எர்த் முனையில் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று வெளுத்தால் பழுது கையில் கிடைத்துவிட்டது.

ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வளையத்தின் இரு பக்கங்களையும், அது உட்காரும் தகட்டையும் பெயின்ட் போய் வெற்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். துருத்தகட்டின் மேல் துருப்பிடித்த ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. புதிய ஸ்க்ரூவும் பல் வாஷரும் போடுங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் ஈரம் ஏறாது. தகடே அரித்துப்போயிருந்தால், இரண்டு ஹெட்லைட்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் தனி எர்த் வயரைப் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துவிடுவது நல்லது. பேட்டரியிலிருந்து உடலுக்கும், எஞ்சினிலிருந்து உடலுக்கும் போகும் தடித்த பட்டைகளையும் அப்படியே கழற்றித் தேய்த்துவிடுங்கள். அவை கெட்டிருந்தால் ஹெட்லைட்டோடு ஸ்டார்ட்டரும் சேர்ந்து சோம்பும்.

வரும் வழியில் வழக்கமான இடங்கள்

பல்பு ஹோல்டரைக் கழற்றி உற்றுப் பாருங்கள். ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால், உள்ளேயிருக்கும் தகடு பிடிப்பிழந்து சூடாகியிருக்கிறது. அதைக் குறட்டால் நசுக்கிப் பயனில்லை, ஒருமுறை சூடேறிய தகட்டுக்கு வில் குணம் திரும்பாது. ஹோல்டரைப் பின்னால் அரை சாண் வயரோடு மாற்றுங்கள்.

ஃபியூஸ் பெட்டியில், பார்வைக்கு நன்றாக இருக்கும் ஃபியூஸும் ஏமாற்றும். பழைய ஐரோப்பியக் கார்களிலுள்ள கூர்முனைப் பீங்கான் ஃபியூஸ்களின் நுனிகளில் மெல்லிய களிம்பு படியும். விளக்கு எரியும்போது ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஃபியூஸை அதன் இடத்திலேயே சுழற்றினால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரமாகச் சரியாக, தாங்கிகளைத் தேய்த்துப் புதிய ஃபியூஸ் போட வேண்டும்.

ஸ்விட்சுகளில் உள்ளே தொடுமுனைகள் கருகியிருக்கும். பத்து நிமிடம் விளக்கு எரிந்தபின் ஸ்விட்சைத் தொட்டால் சுடும். காலால் மிதிக்கும் டிம் ஸ்விட்ச் உள்ள கார்களில், தரையின் ஈரமும் மண்ணும் நேராக அதற்குள்தான் போய்ச் சேர்கின்றன.

விளக்கு தானே அணைந்து, ஒரு நிமிடம் கழித்துத் தானே எரிகிறதா? பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸுக்குப் பதிலாக ஸ்விட்சுக்குள்ளேயே சூட்டில் விலகி, ஆறியதும் சேரும் தகடு ஒன்று உண்டு. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு அது தரும் சைகை.

ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால்

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். வயரோடு காரும் எரியும். இரண்டு ஹெட்லைட் பல்புகளையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். விளக்கு ஸ்விட்சைப் போடுங்கள். அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயர் எங்கோ உடலைத் தொடுகிறது. இனி வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணையும் இடத்தில் ஷார்ட். எஞ்சின் அறைத் தடுப்பின் துளையில் ரப்பர் வளையம் உதிர்ந்த இடம், ஸ்டியரிங் தண்டின் அருகில், விளக்குக் கிண்ணத்தின் கூர்விளிம்பு, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஒட்டுப்போடும் முறை

வயரின் உறையைச் சீவினால் செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு படிந்தோ இருக்கலாம். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். களிம்பின் மேல் ஈயமும் பிடிக்காது, லக்கும் பிடிக்காது. லக்கை அதற்குரிய குறட்டால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வெறும் முறுக்கும் டேப்பும் போட்ட இணைப்பு சில மாதங்களில் உங்களை மீண்டும் பானெட்டைத் திறக்க வைக்கும்.

ரிலே போடலாமா?

இணைப்புகளை எல்லாம் சரிசெய்த பிறகும் வரும் வழியில் முக்கால் வோல்ட் தொலைந்துகொண்டிருந்தால், போடலாம். ஸ்விட்ச் அதன்பின் 10 ஆம்ப்பைச் சுமக்காது. ரிலேயின் சுருளுக்கு வேண்டிய 0.2 ஆம்ப்பைத்தான் சுமக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள். ரிலேயில் 30 என்று எண் குறித்த முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87 பல்புகளுக்கு, 86-க்குப் பல்புக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர், 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்தால், ஒன்று போனாலும் நடுச்சாலையில் முழு இருட்டு வராது.

எர்த்தைச் சரிசெய்யாமல் ரிலே போடுவதில் அர்த்தமில்லை. அதேபோல, வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு 100 வாட் பல்பு வாங்கிப் போடுவது பழைய ஸ்விட்சுக்குக் கொள்ளி வைப்பது. அதிக மின்சாரம் ஓடினால் அதே தடையில் இன்னும் அதிக வோல்டேஜ் தொலையும், அந்த இடம் இன்னும் சூடாகும்.

வேலை முடிந்ததும்

நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து, பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, புதுப் பல்புகள் சீக்கிரம் போய்விடும். விளக்கைக் கழற்றி மாட்டியதில் ஒளி விழும் கோணம் மாறியிருக்கலாம். எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி சரிசெய்யுங்கள்.

பிறகு இருபது நிமிடம் விளக்கைப் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, மின்விசிறியிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் தொட்ட ஒவ்வோர் இணைப்பையும் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஹோல்டரின் பின்பக்கம், ஃபியூஸ் தாங்கி, எர்த் ஸ்க்ரூ, பிறகு உள்ளே வந்து ஸ்விட்ச். பல்பின் சூடு ஏறியதால் ஹோல்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். மற்றவற்றில் ஏதாவது ஒன்று சுட்டால் அதைக் கழற்றி மீண்டும் தேயுங்கள்.